எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்?

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சென்னையிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். முழங்கால் வலி, மாத்திரை, மழை எல்லாம் விசாரித்து முடித்தபிறகு, "போயிட்டு வந்துட்டியா? கூட்டம் இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"எங்க போயிட்டு?"

எனக்குப் பேச்சு வரவில்லை. எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது தெருவில் இருந்த அக்கா ஒருவர் முதல்நாள் இரவு இறந்துபோயிருந்தார். சத்துணவுக் கூடத்தில் அம்மாவோடு பல வருஷம் ஒரே அடுப்படியில் நின்றவர். அவருடைய மகன் இரவு பதினொன்றே கால் மணிக்கு வாட்ஸ்அப்பில் படத்தோடு செய்தி போட்டிருந்தான். பன்னிரண்டு மணிக்குள் சென்னையில் இருக்கும் எனக்குத் தெரியும், துபாயில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்குத் தெரியும், சிங்கப்பூரில் இருக்கும் அவன் நண்பர்களுக்குத் தெரியும். ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல் என்று வரிசையாக விழுந்துகொண்டே இருந்தது. நானும் ஒன்று போட்டேன். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து காலையில் கொண்டுவந்து, இரண்டு மணி நேரம் வீட்டில் வைத்திருந்து, பதினொரு மணிக்கு எடுத்துவிட்டார்கள். கொட்டு வைக்கவில்லை. அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். முழங்கால் வலியால் இரண்டு நாளாக வாசலைத் தாண்டவில்லை.

நான் சொல்லி முடித்ததும் அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "மூணு தெருதான்டா. எனக்குச் சொல்ல ஒருத்தருக்கும் தோணலையா" என்றார். அந்தக் குரலை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அந்த ஒருத்தரில் நானும் சேர்த்தி. இரவு அந்தப் படத்தைப் பார்த்தபோது அம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். ஊரில் இருப்பவருக்கு ஊர்ச் செய்தியை நான் எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில், அதாவது பேராவூரணி, கீரமங்கலம், ஆலங்குடி வட்டாரத்தில், ஒரு பேச்சு உண்டு. நல்லதுக்குச் சொன்னால் போகணும், கெட்டதுக்குச் சொல்லாமலே போகணும். தமிழ்நாடு முழுக்கவே இதை வேறு வேறு வார்த்தையில் சொல்வார்கள். ஆனால் சொல்லாமலே போகணும் என்றால், முதலில் தெரிய வேண்டுமே. யாருக்குச் சொல்லணும் என்று யோசித்து யோசித்துச் சொல்வது கல்யாணத்துக்கு. சாவுக்கு அப்படி இல்லை. யாருக்கெல்லாம் சொல்லத் தோன்றாதோ அவர்களுக்கும் சேர்த்துத் தெரியும்படி சொல்ல வேண்டும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கஜா புயல் அடித்த வாரத்தில் எங்கள் அப்பாயி இறந்தபோது தெரிந்துகொண்டேன்.

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் புயல் கரையைக் கடந்தது. விடிந்தபோது எங்கள் பக்கம் தென்னந்தோப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. மின்கம்பங்கள் ரோட்டில் கிடந்தன. கரண்ட் போய், டவரும் போய், எல்லோர் கையிலும் இருந்த போன் வெறும் டார்ச் லைட் ஆனது. அதுவும் சார்ஜ் இருக்கும் வரைக்கும்தான். ஐந்தாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் அப்பாயி போய்ச் சேர்ந்தார். வயதான உடம்பு, புயலுக்கு முன்பிருந்தே படுக்கை. கார்த்திகை தீபத்துக்கு மூன்று நாள் இருந்தது.

அழுதுகொண்டிருந்த நேரத்திலேயே பெரியப்பாவுக்கு ஒரு கவலை வந்துவிட்டது. ஐஸ் பெட்டி வைக்கக் கரண்ட் இல்லை. மறுநாள் மதியத்துக்குள் எடுத்தாக வேண்டும். அதற்குள் எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும். அதிலும் நெடுவாசலில் இருக்கும் அப்பாயியின் பிறந்த வீட்டுக்கு முதலில் சொல்ல வேண்டும். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வராமல் ஒரு பெண்ணை எடுக்க மாட்டார்கள். எத்தனை வயதானாலும், தம்பியும் அண்ணனும் செத்துப் பேரன்கள்தான் இருக்கிறார்கள் என்றாலும், அந்த வீட்டுச் சேலை வர வேண்டும்.

நானும் சித்தப்பா மகனும் வண்டியை எடுத்தோம். கிளம்பும்போது பெரியப்பா சொன்னதை வரிசையாக நினைவில் வைத்திருக்கிறேன். "வாசல்ல நின்னே சொல்லணும், உள்ள போகக் கூடாது. வண்டிய நிப்பாட்டிட்டுச் சொல்லுங்கடா, ஓடுற வண்டில இருந்தபடியே சொல்லாதீங்க. பெரியவங்களக் கூப்பிட்டுச் சொல்லு, புள்ளைங்ககிட்டச் சொல்லாத. தண்ணி குடுத்தா வாங்காத. கிளம்புறப்ப வர்றோம்னு சொல்லிடாத. எத்தன மணிக்கு எடுக்குறோம்ங்கறத மறக்காமச் சொல்லு, அதத்தான் கேப்பாங்க."

உண்மையிலேயே அதைத்தான் கேட்டார்கள். போன எல்லா வீட்டிலும் முதலில் ஒரு அலறலோ பெருமூச்சோ, அதற்கடுத்து இந்தக் கேள்வி: எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள்? முன்பு இந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் கல்நெஞ்சமாகத் தெரியும். ஆள் போன துக்கத்தைவிட நேரம் முக்கியமா என்று இருக்கும். அந்த ராத்திரியில்தான் புரிந்தது. அந்தக் கேள்விக்கு 'நான் வருகிறேன்' என்று அர்த்தம். மரம் விழுந்த ரோட்டில், பஸ் ஓடாத ஊரிலிருந்து எப்படி வந்து சேர்வது என்று அவர்கள் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

மேகத்துக்குள் நிலா வருவதும் மறைவதுமாக இருந்தது. விழுந்து கிடந்த மரங்களை ரோட்டின் நடுவில் வண்டி போகும் அகலத்துக்கு மட்டும் அறுத்துவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு ஊரின் முகப்பிலும் வழி தெரியாமல் தடுமாறினோம். அடையாளமாக வைத்திருந்த புளியமரமும் ஆலமரமும் இல்லை. மின்விளக்கு எரியாத ஒரு வீட்டின் இருட்டுக்குள் கூப்பிட்டு, "நாங்க பேராவூரணியிலேருந்து வர்றோம்" என்று ஆரம்பிக்கும்போதே உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். இந்த நேரத்தில் ஆள் நேரில் வந்தால் வேறு என்ன செய்தி இருக்கும்?

இந்த வேலைக்கு ஊருக்கு ஊர் பேர் வேறு. எங்கள் பக்கம் துக்கம் சொல்லுதல், மதுரைப் பக்கம் கேதம் சொல்லுதல், நெல்லைப் பக்கம் துட்டி சொல்லுதல். இழவு சொல்லுதல் என்றால் எல்லோருக்கும் புரியும். அந்த இரவுக்கு முன்பு நான் இதைச் செய்ததில்லை, என் அப்பாவும் செய்ததில்லை. "முன்னெல்லாம் இதுக்குன்னு ஆள் இருந்துச்சு" என்று பெரியப்பா சொன்னார். அந்த ஆள் யார், எந்தத் தெருவில் இருந்து வந்தார், அவர் ஏன் மறுக்க முடியாது என்பதெல்லாம் எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெருவில் யார் செத்தாலும் தலித் குடியிருப்பிலிருந்து ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாக நடந்து ஊர் ஊராகச் சொல்ல வேண்டும். கொஞ்சம் நெல் அளப்பார்கள். அவரும் வாசலுக்கு வெளியேதான் நின்றார். துக்கம் சொல்ல வந்ததால் அல்ல, எப்போதுமே அங்கேதான் அவரை நிறுத்தியிருந்தார்கள்.

"அவங்க வீட்டுச் சாவ நம்ம தெருவுக்கு யாரு வந்து சொன்னா?" என்று பின்னொரு நாள் பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

ஊருக்குச் செய்தி சொல்வதைப் பற்றி ஏக்கத்தோடு எழுதும்போதெல்லாம் இந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன். பறை என்ற சொல்லுக்கே சொல்லுதல் என்றுதான் பொருள். பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் அப்படியே புழங்குகிறது. சொல்வதற்காகவே இருந்த ஒரு கருவியை, அதைச் சொன்ன மனிதனை, கீழே வைத்தோம். 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா போடும் முறை இனி வேண்டாம், வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லுங்கள் என்று மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். நல்ல காரியம் என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். தண்டோராச் சத்தம் இல்லாமல் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. அந்தச் சத்தம் ஒரு வீடு விடாமல் எல்லா வீட்டுக்கும் போனது என்பது மட்டும்தான் எனக்கு வேண்டும்.

சரி, கஜா ராத்திரிக்கு வருகிறேன். வண்டியில் போய்ச் சொல்ல முடிந்தது பதினைந்து, இருபது வீடுதான். மற்றவர்களுக்கு? போஸ்டர் அடிக்கலாம் என்றால் பிரஸ்ஸில் கரண்ட் இல்லை. அப்போது சித்தப்பா சுவரில் தொங்கிய மாதக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். முடிந்துபோன மாதங்களின் தாளைக் கிழித்துத் திருப்பினால் நல்ல வெள்ளைப் பக்கம். என்னிடம் ஒரு மார்க்கர் பேனா இருந்தது. "நீ எழுது, ஒன் கையெழுத்துதான் நல்லாருக்கும்" என்றார்கள். மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன்.

முதல் வரியிலேயே சிக்கல். அப்பாயியின் பேரை எழுதினேன். ரேஷன் கார்டில் இருக்கும் பேர். பெரியப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பேர எழுதுனா யாருக்குடா தெரியும்?" என்றார். உண்மைதான். அறுபது வருஷத்துக்கும் மேலாக அந்தத் தெருவில் அவரை யாரும் அந்தப் பேரால் கூப்பிட்டதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நெடுவாசல்காரி. பிள்ளை பிறந்தபிறகு இன்னாரின் அம்மா. சாமான் வாங்கும் கடையில் தாத்தா பேரைச் சொல்லி அவர் வீட்டம்மா. பிறந்த வீட்டில் வேறு பேர் இருந்திருக்கலாம், எங்களுக்குத் தெரியாது. ஆண்களுக்கு இந்தப் பிரச்சினை வருவதில்லை. என் தாத்தா எங்கே போனாலும் ஒரே பேரோடுதான் போனார்.

கடைசியில் எல்லாவற்றையும் எழுதினேன். பெரிய எழுத்தில் நெடுவாசல்காரி. அதற்குக் கீழே சொந்தப் பேர். அதற்குக் கீழே யாருடைய மனைவி, யாருடைய தாயார், எந்தத் தெரு. நாளை மதியம் பன்னிரண்டு மணிக்கு எடுக்கிறோம். ஆறு தாள். பசைக்குப் பதில் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு, போகிற வழியெல்லாம் ஒட்டினோம்: பேராவூரணி பஸ் ஸ்டாண்டில், ஆவணம் கைகாட்டியில், திருச்சிற்றம்பலம் கடைவீதியில், குருவிக்கரம்பையில், கீரமங்கலத்தில் இரண்டு.

மறுநாள் பத்து மணிக்கு நெடுவாசலிலிருந்து கோடி வந்தது, டிராக்டரில். பதினொன்றரைக்கு ஒரு கிழவி தனியாக வந்தார். எங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. நெடுவாசல் ஆட்களிலும் இளவட்டங்களுக்குத் தெரியவில்லை. நேராகப் போய் அப்பாயியின் தலைமாட்டில் உட்கார்ந்து, எங்களில் ஒருவரும் அதுவரை கேட்டிராத ஒரு செல்லப்பேரைச் சொல்லிக் கூப்பிட்டு அழ ஆரம்பித்தார். அத்தைகள் இரண்டு பேரும் அழுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள்.

அவர் வடகாட்டில் வாழ்க்கைப்பட்டவர். நெடுவாசலில் பக்கத்து வீடு; கல்யாணத்துக்கு முன் அப்பாயியோடு நடவுக்குப் போனவர். அதற்கப்புறம் எப்போதாவது திருவிழாவில் பார்த்துக்கொண்டதோடு சரி. அன்று காலை கீரமங்கலத்தில் தார்ப்பாய் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வரிசையில் நிற்க வந்திருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. வரிசையில் நின்ற ஒரு பையன் சுவரில் இருந்ததைச் சத்தமாகப் படித்தானாம். நெடுவாசல்காரி என்றதும் எந்த நெடுவாசல்காரி என்று கேட்டு, மறுபடி படிக்கச் சொல்லி, தெருவும் தாத்தா பேரும் கேட்டதும் வரிசையை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். கொஞ்ச தூரம் நடை, கொஞ்ச தூரம் நிவாரணச் சாமான் ஏற்றிவந்த லாரி. கூரை இல்லாத வீட்டுக்குத் தார்ப்பாய் வாங்க வந்தவர், அதை வாங்காமல் வந்திருந்தார்.

எங்கள் பட்டியல் எதிலும் அவர் இல்லை. அன்று போன் வேலை செய்திருந்தால் நாங்கள் ஐநூறு பேருக்குச் சொல்லியிருப்போம், அவருக்குச் சொல்லியிருக்க மாட்டோம். நான் எழுதிய ஒரு காலண்டர் தாள் அவரைத் தேடிப் பிடித்தது.

அந்த நாட்களில் சுவர்தான் எல்லாமாக இருந்தது. தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு எப்போது என்று ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதினார்கள். பிற்பாடு விழுந்த தென்னைக்கு நிவாரணம் அறிவித்தபோது, வெட்டி அகற்றும் கூலியும் சேர்த்து மரத்துக்கு 1,100 ரூபாய், பட்டியலில் பேர் இருக்கிறதா என்று ஆட்கள் விரலை வைத்து வரி வரியாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். இல்லை என்றவர்கள் அங்கேயே நின்று சத்தம் போட்டார்கள், பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். தன் பேர் விட்டுப்போனது தனக்கு மட்டும் தெரிந்தால் ஒருவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வார். எல்லோர் முன்பும் தெரிந்தால் கேட்பார். கிராம சபை நடக்கிற நாளையும் இப்படி ஊரறியச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும். 2022 முதல் தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு தடவை அது கூடியாக வேண்டும். மார்ச் 22ம் நவம்பர் 1ம் பழைய நான்கோடு சேர்ந்தவை. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அந்தத் தேதிகளைத் தெரிந்துவைத்திருப்பவர்கள் மிகக் குறைவு.

நல்ல காரியத்துக்குச் சொல்லும் முறை முற்றிலும் வேறு. அங்கே சுவர் போதாது. பிளெக்ஸ் வைத்து ஊரையே மறைத்தாலும், பத்திரிகை கைக்கு வரவில்லை என்றால் வரவில்லைதான். மஞ்சள் தடவிய பத்திரிகையை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் ஆள் இல்லாதபோது கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனதற்காக வருஷக்கணக்கில் பேசாமல் இருக்கும் உறவுகளை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வட்டாரத்தில் ஆடியிலும் ஆவணியிலும் நடக்கும் மொய் விருந்துக்குப் பத்திரிகை இன்னும் முக்கியம். ஒரே பந்தலில் பல பேர் சேர்ந்து விருந்து வைப்பார்கள், ஒரே பத்திரிகையில் அத்தனை பேர் பேரும் இருக்கும். விருந்து வைப்பவர் போன தடவை எனக்குச் செய்த மொய்யை நான் திருப்பிச் செய்ய வேண்டிய நாள் அது. பத்திரிகை வராமல் நான் போகாமல் இருந்துவிட்டால் அது மரியாதைக் குறைவோடு நிற்காது, கடன் பாக்கியாகிவிடும்.

கெட்ட செய்தியின் காகிதம் அப்படி இல்லை. கருமாதிக் கடிதம் வந்தால் படித்ததும் கிழித்துவிட வேண்டும், வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று அப்பாயி சொல்வார். தந்தி என்றாலே வீட்டில் அழுகை தொடங்கிவிடுமாம், பிரித்துப் படிக்கவே வேண்டாம். வேலை கிடைத்த செய்தி தந்தியில் வந்து, அதற்கும் அழுதுவிட்டுத்தான் பிரித்தார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். 2013 ஜூலையோடு தந்தி நின்றது. அப்போது எங்கள் தெருவில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

அப்பாயியின் பதினாறாம் நாளுக்குள் பிரஸ் இயங்க ஆரம்பித்துவிட்டது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கப் போனேன். கம்ப்யூட்டரில் இருந்த தம்பி தோற்றம், மறைவு என்று இரண்டு கட்டம் போட்டுவைத்துக் காத்திருந்தான். தோற்றம் யாருக்கும் தெரியாது. "ஆதார்ல என்னண்ணே இருக்கு?" என்றான். ஜனவரி ஒன்று. ஊரில் பாதிக் கிழவிகளுக்கு ஜனவரி ஒன்றுதான் பிறந்தநாள். அதைப் போட எனக்கு மனம் வரவில்லை. மறைவு மட்டும் போடச் சொன்னேன். அடுத்தது, இப்படிக்கு. மகன்கள் மூன்று பேர், பேரன்கள் ஏழு பேர் என்று எழுதிக் கொடுத்துவிட்டிருந்தார்கள். அத்தைகள் பேர் இல்லை. கடைசி நான்கு மாதம் அப்பாயிக்குக் குளிப்பாட்டிவிட்டது சின்ன அத்தை. நான் இரண்டு அத்தைகளையும் பேத்திகளையும் சேர்த்துக் கொடுத்தேன். பெரியப்பாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. போஸ்டர் ஒட்டியபிறகு சின்ன அத்தை பஸ் ஸ்டாண்டில் அதன் முன்னால் வெகுநேரம் நின்றிருந்ததாக யாரோ வந்து சொன்னார்கள். அதற்கப்புறம் பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை.

வாட்ஸ்அப்பை நான் குறை சொல்லவில்லை. துபாயில் இருப்பவன் தன் தாயின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை வீடியோவிலாவது பார்க்க முடிகிறது; அது சின்ன விஷயமா? ஆனால் அந்தக் குழுக்களில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால், சொந்தக்காரர்கள், ஒரே சாதிக்காரர்கள், ஒரே வகுப்பில் படித்தவர்கள். சுவர் முன்னால் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். சண்டை போட்டுப் பேச்சு நின்ற பங்காளியும் அதைப் பார்த்துவிட்டு, 'யாரும் சொல்லவில்லை, தெரிந்தது, வந்தேன்' என்று தலை குனிந்து வந்து நிற்க முடியும். குழுவிலிருந்து நீக்கப்பட்டவருக்கு அந்த வழியும் இல்லை.

போன ஆடிக்கு அப்புறம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா அந்த அக்கா வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மகன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சுட்டேன் பெரியம்மா" என்றான். நான் சொன்ன அதே வார்த்தை. அவனுக்கு அன்று இருந்த அலைச்சலில் அவனை என்ன சொல்வது. அம்மா ஒன்றும் சொல்லாமல் படத்துக்குப் பூ வைத்துவிட்டு வந்தார்.

அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தபோது, "எனக்கு ஒண்ணுன்னா போன்ல மட்டும் போட்டுட்டு இருந்துடாத" என்றார். நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். விடவில்லை. காகிதமும் பேனாவும் எடுத்து வரச் சொன்னார். முதலில் பேர்: சத்துணவு டீச்சரம்மா என்று பெரிதாகப் போட வேண்டும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அப்படிச் சொன்னால்தான் தெரியும். அதற்குக் கீழே சொந்தப் பேர். அதற்குக் கீழே கொத்தமங்கலம், பிறந்த ஊர். அப்புறம் எங்கெங்கே ஒட்ட வேண்டும் என்று யோசித்து யோசித்துச் சொன்னார். பள்ளிக்கூட மதில். ரேஷன் கடை. கீரமங்கலம் பூக்கடை ஓரம், அங்கே ஒருத்தி இருக்கிறாள். கொத்தமங்கலம் கடைவீதியில் இரண்டு. அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் ஒன்று, அது எதற்கு என்று கேட்டேன். "எழுதுடா" என்றார்.